அளவு குறையும் காலம்

நாட்பட்ட அழற்சி நோய்களுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றி எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி, அவற்றை எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் அவை உடலுக்குச் செய்யும் தீங்குகளையும் பற்றியதாகவே இருக்கிறது. தொடங்கிய மருந்தை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் நீண்ட இடைக்காலமோ மருந்துச் சீட்டின் ஓரத்தில் இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிவரும் எண்கள் ஏதோ ஒரு படியில் தடைபட்டு மறுபடி மேலேறும்போது, நோயாளியும் குடும்பத்தாரும், பல வேளைகளில் மருத்துவருங்கூட, அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மேலேறும் அளவு உடலுக்குச் செய்யும் கேட்டைவிட, அதைத் தோல்வி என்று கருதி மறைப்பதால் வரும் கேடு பெரிது என்பதற்கு வேலூர் வட்டாரத்தின் தொழுநோய் மருத்துவ வரலாறு நல்ல சான்றாக நிற்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் கண்ணமங்கலம் இருக்கிறது. விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் இதற்கு ஒரு சிறு நிலையமும் உண்டு. ஊருக்கு வடக்கே உள்ள கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பிரிவு பல பத்தாண்டுகளாகக் கிராம மருத்துவம் செய்துவருகிறது. அதற்கும் அப்பால், காட்பாடியைத் தாண்டினால், 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஷீஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையம். பழைய வட ஆர்க்காடு மாவட்டம், குறிப்பாகக் குடியாத்தம் வட்டம், நாட்டிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்றாக இருந்ததால்தான் அந்த நிலையம் இங்கே எழுந்தது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கவைக்கலாம் என்று பால் பிராண்டு 1940களின் பிற்பகுதியில் வேலூரில்தான் காட்டினார். மடங்கிய விரலை நிமிர்த்துவது ஒரு கலை என்றால், விரல் மடங்காமல் காப்பது அதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. ஸ்டீராய்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தொழுநோயைக் கிருமி நோய் என்று எல்லோரும் அறிவர். அது ஓர் அழற்சி நோயும்கூட என்பது பரவலாகத் தெரியாது. கிருமியை அழிப்பதற்கு ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தரும் கூட்டு மருந்து முறையை 1982இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கிருமி மிகுந்தவர்களுக்கு இன்று அது பன்னிரண்டு மாத மருத்துவம். ஆனால் செத்துப்போன கிருமிகள் உடனே உடலை விட்டு நீங்குவதில்லை. தோலிலும் நரம்பிலும் கோடிக்கணக்கில் தங்கிக் கிடக்கும் அவற்றின் சிதைவுகளுக்கு எதிராக உடலின் தற்காப்பு மண்டலம் கிளர்ந்தெழும்போது, நோயாளிகளும் பணியாளர்களும் 'ரியாக்‌ஷன்' என்று சொல்லும் எதிர்வினை உண்டாகிறது. அதை அடக்கவே ஸ்டீராய்டு தரப்படுகிறது. இதில் இரண்டு வகை. முதல் வகையில் ஏற்கெனவே இருக்கும் படைகள் சிவந்து வீங்கி, நரம்புகள் வலிக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும். இரண்டாம் வகையில், படை எதுவும் இல்லாத இடத்திலும், தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள் கூட்டங்கூட்டமாக எழும். காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவப்பு, விதை வீக்கம் என்று உடல் முழுவதும் பற்றும். சில வாரங்களில் தணிந்து, பிறகு மீண்டும் வரும். ஹைதராபாத்தில் பதினோராண்டுக் காலம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, கிருமி உச்ச அளவில் இருக்கும் வகையினரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்த இரண்டாம் வகை வந்ததையும், வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது நாட்பட்டதாக நீடித்ததையும் பதிவுசெய்தது. அதாவது, கூட்டு மருந்து முடிந்து 'குணமாகிவிட்டது' என்று சான்று வாங்கிய பின்னும், ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டை ஏற்றியும் இறக்கியும் வாழ வேண்டியவர்கள் இவர்கள்.

ஸ்டீராய்டு தரும் நிவாரணமும் அது நிறுத்தப்பட்டதும் நோய் திரும்புவதும் இந்த மருந்து மனிதருக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே சேர்ந்து வருபவை. 1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த இளம்பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடத் தொடங்கினார்; சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹென்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய வேதியியலாளர்களுக்கும் நோபல் பரிசு வந்தது. மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியதை ஹென்சின் குழு அப்போதே கண்டிருந்தது. நடந்து காட்டிய நோயாளியின் படம் உலகெங்கும் பரவிய அளவுக்கு, மீண்டும் படுக்கைக்குத் திரும்பிய நோயாளியைப் பற்றிய செய்தி பரவவில்லை. மருத்துவ வரலாறு நல்ல செய்தியை முன்பக்கத்திலும் மற்றதை அடிக்குறிப்பிலும் போடும் பழக்கம் இந்த மருந்தோடு வந்ததல்ல. எனினும் அந்தப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

மருந்தை ஏன் சட்டென நிறுத்தக் கூடாது என்பதற்கான உடலியல் காரணம் எளிது. சிறுநீரகங்களின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நாள்தோறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் அளவு ஏறத்தாழ ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம். விடியற்காலையில் அது உச்சத்தில் இருக்கும் என்பதால்தான் மாத்திரையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து நாற்பது மில்லிகிராம் வந்துகொண்டிருக்கும்போது, மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அட்ரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. சில வாரங்களுக்கு மேல் இது நீடித்தால், வேலை இல்லாத அட்ரீனல் சுருங்கிவிடுகிறது. அது மறுபடி விழித்தெழ மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். நாற்பதிலிருந்து முப்பதுக்கு வருவது கால்பங்குக் குறைப்பு; பத்திலிருந்து ஐந்துக்கு வருவதோ பாதிக் குறைப்பு, அதுவும் உடலின் சொந்தச் சுரப்புக்கு நெருங்கிய இடத்தில். எனவே மேலே வேகமாக இறங்கியவர் கீழ்ப்படிகளில் நத்தை வேகத்தில் போக வேண்டியிருப்பதில் வியப்பில்லை. நோயாளிகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பெரிய அளவுகளையே தாண்டியாயிற்று, இனி இந்த ஒரு மாத்திரைதானே, விட்டுவிட்டால் என்ன என்று. கடைசி ஐந்து மில்லிகிராமில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள் என்றால் அது மிகையாகாது.

அதற்கு மாத்திரையின் வடிவமும் ஒரு காரணம். பிரெட்னிசலோன் ஐந்து, பத்து, இருபது, நாற்பது மில்லிகிராம் அளவுகளில் தனித்தனி அட்டைகளாகக் கடையில் கிடைக்கிறது. வைசோலோன், ஒம்னகார்ட்டில் என்ற பெயர்கள் வேலூர் மருந்துக்கடைகளில் எவருக்கும் புதியவை அல்ல. சீட்டில் மில்லிகிராமாக எழுதியதை நோயாளி மாத்திரை எண்ணிக்கையாக நினைவில் வைத்துக்கொள்கிறார். "காலையில ரெண்டு" என்று மனப்பாடமான பிறகு, ஊர்க்கடையில் ஐந்து இல்லை என்று பத்து மில்லிகிராம் அட்டையைக் கொடுத்துவிட்டால், குறைந்ததாக நம்பும் அளவு உண்மையில் இரட்டிப்பாகியிருக்கும்; மறுமாதம் சரியான அட்டை கிடைத்ததும், தெரியாமலேயே பாதியாகியிருக்கும். இரண்டரை மில்லிகிராமுக்காக ஐந்தைப் பிளக்கும்போது, நகத்தால் அழுத்தினால் அது நடுக்கோட்டில் உடையாமல் ஒரு பக்கம் பொடியாக உதிர்கிறது. உதிர்ந்ததைக் காகிதத்தில் மடித்து நாளைக்கு என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. விரல் நுனியில் உணர்ச்சி மரத்துப்போன தொழுநோயாளிக்கு இந்தப் பிளத்தலே ஒரு பாடு. தினசரி நாட்காட்டியின் தாளில் அன்றைய அளவைக் குறித்து வைத்து, விழுங்கிய பின் அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லலாம். செலவில்லாத ஏற்பாடு, செல்பேசி தேவையில்லை, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

அளவு குறையும்போது உடலில் தோன்றும் தொல்லைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. குறைப்புக் காலத்தின் குழப்பம் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கிறது. புதிய சிவந்த கட்டிகள், காய்ச்சல், முழங்கை உட்புறத்திலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ நரம்பு தடித்து வலித்தல், புதிதாக ஏற்படும் மரமரப்பு அல்லது பலக்குறைவு ஆகியவை எதிர்வினை திரும்பியதன் அடையாளங்கள். கட்டியோ காய்ச்சலோ இல்லாமல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போன்ற வலி, அசதி, பசியின்மை, காரணமற்ற சோர்ந்த மனநிலை ஆகியவை மட்டும் இருந்தால், அது மருந்து விலகுவதற்கு உடல் காட்டும் தயக்கமாக இருக்கலாம். அளவைச் சில வாரங்கள் அதே படியில் நிறுத்தினாலே பெரும்பாலும் தணியும். எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி, படுத்த படுக்கையாக்கும் தளர்ச்சி என்றால், அட்ரீனல் போதிய அளவு சுரக்கவில்லை என்ற ஐயம் எழ வேண்டும். இது உயிருக்கு ஆபத்தான நிலையாக மாறக்கூடியது. நான்காவது ஒன்றும் உண்டு: ஸ்டீராய்டு தற்காப்பை மங்கச்செய்வதால், காய்ச்சல் என்பது காசநோயின் முகமாகவும் இருக்கலாம். செருப்பில்லாமல் வயலில் இறங்குவோரின் தோல் வழியே உடலுக்குள் புகும் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்ற புழு, ஸ்டீராய்டு உள்ளவரின் குடலில் பெருகி உடலெங்கும் பரவி உயிரையும் வாங்கக்கூடும். மருந்து தொடங்கும் முன்பே புழு நீக்க மருந்து தரும் வழக்கம் இதனால் வந்தது. இந்த நான்கையும் நோயாளி தானே பிரித்தறிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. நான்கு இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நியாயமான எதிர்பார்ப்பு. தெரிந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவார்.

தானாகக் கூட்டிக்கொள்வது நடக்காத வீடு குறைவு. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வேலூருக்கு வர வேண்டுமானால், அமிர்தி வழியாகக் கணியம்பாடிக்கோ, போளூருக்கு இறங்கிக் கண்ணமங்கலத்தைக் கடந்தோ பேருந்து மாறி வர வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றாகிவிடுவதும் உண்டு. புளி உலுக்கும் மாதங்களிலும் சாமை அறுப்பிலும் அந்த நாட்களின் கூலியை விட்டுக்கொடுக்க எவரும் விரும்ப மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டி அளவைக் குறைக்க வேண்டும் என்ற மருத்துவ ஒழுங்கு, இந்தக் கணக்கை அறியாமல் வகுக்கப்பட்டது. வேலூரின் தங்கும் விடுதித் தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது மலைவாசிகளுக்கு மட்டுமான சிக்கல் அல்ல என்று தெரியும். லூபஸ், ரத்தநாள அழற்சி போன்ற நோய்களுக்கு இங்கே ஸ்டீராய்டு தொடங்கிக்கொண்டு மேற்கு வங்கத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் ரயிலேறுபவர்கள், குறைப்புக் காலம் முழுவதையும் மருத்துவர் கண்ணில் படாமலேயே கழிக்கிறார்கள்.

இதற்கிடையில் ஊரின் கண் வேறு ஒரு கணக்குப் போடுகிறது. ஸ்டீராய்டு ஏறும்போது பசி கூடி, முகம் உருண்டு பளபளக்கும்; மருத்துவ நூல்கள் நிலவு முகம் என்று குறிக்கும் பக்கவிளைவு இது. ஊரோ அதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று மகிழ்கிறது. அளவு இறங்கி, உப்பலும் நீரும் வடிந்து, முகம் தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது, "இன்னாம்மா இப்டி எளச்சிப் போயிட்ட" என்று விசாரிக்கிறது. குணமாகிவரும் வேளையில் நோய் முற்றியதாகவும், மருந்தின் தீங்கு உச்சத்தில் இருக்கும் வேளையில் நலம் பெற்றதாகவும் கருதப்படும் இந்தத் தலைகீழ் மதிப்பீட்டைத் தாங்குவது சிறிய காரியமல்ல, அதுவும் தொழுநோய் என்ற பெயரையே வீட்டுக்கு வெளியே சொல்ல முடியாதவர்களுக்கு. திருமண விலக்குக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோய் சட்டப்படி நீக்கப்பட்டதே 2019இல்தான். ஸ்டீராய்டைக் குறைப்பதற்குத் துணையாகத் தரப்படும் க்ளோஃபசிமின் தோலைச் செம்மை கலந்த கருமையாக்குவதால், அதை வேண்டாமென்று ஒதுக்கி ஸ்டீராய்டே போதும் என்று கேட்பவர்களையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். நிறம் மாறுவது பலருக்கும் தெரியும்படி நடக்கிறது. எலும்பு மெலிவதும் கண்புரை வளர்வதும் சர்க்கரை ஏறுவதும் வெளியே தெரிவதில்லை.

ஸ்டீராய்டு குறைப்பு அட்டவணைகள் நேர்கோட்டில் வரையப்பட்டவை. இரண்டாம் வகை எதிர்வினையோ அலையலையாக வருவது. இந்த முரண்பாட்டை அட்டவணை வகுத்தவர்கள் அறியாமல் இல்லை. முதல் வகை எதிர்வினைக்கு எத்தனை வாரங்கள் தேவை என்பதைச் சோதித்த இந்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் முடித்தவர்களைவிட இருபது வாரம் வரை நீட்டியவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவைப்படுவது குறைந்தது என்று அது காட்டியது. தொடக்கத்தில் எவ்வளவு கொடுத்தோம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு பொறுமையாக இறங்கினோம் என்பதே அங்கே கணிசமான வேறுபாட்டை உண்டாக்கியது. இரண்டாம் வகைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழி, பிரெட்னிசலோனைப் பன்னிரண்டு வாரத்துக்குள் அடக்கி, க்ளோஃபசிமினை நாளுக்கு மூன்று வேளை நூறு மில்லிகிராமாகத் தொடங்கி, அதையும் மாதக்கணக்கில் குறைப்பது. ஆனால் க்ளோஃபசிமின் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். ஸ்டீராய்டு இறங்கி, துணை மருந்து இன்னும் ஏறாத அந்த இடைவெளியில் அலை ஒன்று வந்து மோதினால், அதில் நோயாளியின் குற்றம் என்ன?

அலை வரும்போது தாமதிப்பதற்கு விலை உண்டு. நரம்பு புதிதாகச் செயலிழந்து ஆறு மாதங்களுக்குள் போதிய ஸ்டீராய்டு கிடைத்தால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. அதற்கு மேல் ஆனால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. "போன தடவையே டாக்டர் திட்டுனாரு" என்று வலியை அடக்கிக்கொண்டு மூன்று மாதம் தள்ளிப்போடும் ஒருவர் இழப்பது, சட்டைப் பொத்தானைப் போடும் விரல்களின் திறன். மறுபக்கமும் கொடிதுதான்: எத்தியோப்பியாவில் இரண்டாம் வகை எதிர்வினை நோயாளிகளின் மரணங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றை நீண்ட கால ஸ்டீராய்டு பயன்பாட்டோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். இங்கே ஏற்றத்தைப் புகழ்வதற்கு எதுவும் இல்லை. ஏற்றம் தேவைப்பட்டால் அது மருத்துவர் அறிய, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு நடக்க வேண்டும். பழைய உச்சத்துக்கே தாவாமல், நோய் அடங்கியிருந்த கடைசிப் படிக்குச் சற்று மேலே நின்றாலே பலருக்குப் போதுமானதாக இருக்கும். அந்தக் கடைசிப் படி எது என்பதை ஒவ்வொரு சறுக்கலும் முன்பைவிடத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒருவருக்கு அது பதினைந்து, இன்னொருவருக்கு ஏழரை. மூன்று முறை ஒரே எண்ணில் நோய் திரும்பியவருக்கு நான்காம் முறையும் அதே வேகத்தில் குறைக்கும் சீட்டை எழுதுவதைத்தான் தோல்வி என்று சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் துணை மருந்து வேண்டும்.

துணை மருந்துகளின் பட்டியலில் தாலிடோமைடு விசித்திரமான இடத்தை வகிக்கிறது. கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்து, 1961இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட தூக்க மருந்து அது. 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின், வலியில் தூங்க முடியாத தொழுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது, தூக்கத்தோடு கட்டிகளும் மறைந்தன. நாட்பட்ட இரண்டாம் வகையில் ஸ்டீராய்டைக் குறைக்க அதைவிட விரைவாக உதவும் மருந்து அரிது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைத் தருவதில் உள்ள பேராபத்தால் உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் அதை ஆதரிக்கவில்லை. முடக்குவாதத்துக்குப் பழகிப்போன மெத்தோட்ரெக்சேட்டை இந்த எதிர்வினையிலும் சோதிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவுகோலின்படி, தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்தது என்று இந்தியா அறிவித்தது. கிருமிக்கு மருந்து உட்கொண்டிருப்போரை மட்டும் எண்ணும் அந்தக் கணக்கில், மருந்து முடித்து எதிர்வினையோடு போராடுவோர் எங்கும் இடம்பெறுவதில்லை. தனித் தொழுநோய்ப் பணியாளர்கள் பொது மருத்துவத்தில் கரைந்துபோன பின், கட்டியைத் தொட்டுப் பார்த்தே எதிர்வினை என்று சொல்லத் தெரிந்த கண்கள் குறைந்துவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது ஒவ்வாமை என்றோ மூட்டு வாதம் என்றோ பெயர் பெறுவதும், இடுப்பில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பப்படுவதும் நடக்கிறது. நோயாளிக்குப் பெயர் தெரியாத அந்த ஊசி, அவர் கவனமாகக் குறைத்துவந்த கணக்கை ஒரே நாளில் குலைத்துவிடும்.

பிரிட்டனில் 2020 முதல், ஸ்டீராய்டைச் சார்ந்து வாழ்வோருக்கு அவசரகால அட்டை ஒன்று வழங்கப்படுகிறது. விபத்தோ வாந்தியோ அறுவை மருத்துவமோ நேர்ந்தால், முன்பின் தெரியாத மருத்துவருக்கும் அது நிலைமையைச் சொல்லிவிடும். கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு வந்து போகும் ஒருவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தமிழில் அப்படி ஓர் அட்டை அச்சடிப்பது பெரிய செலவில்லை. அதில் மருந்தின் பெயர், மாத்திரை எண்ணிக்கையில் அல்லாமல் மில்லிகிராமில் அன்றைய அளவு, கடுங்காய்ச்சல் வந்தால் அளவை நிறுத்தாமல் தற்காலிகமாக இரட்டிக்க வேண்டும் என்ற குறிப்பு, அழைக்க வேண்டிய மருத்துவமனை எண் ஆகியவை இருக்கும். குறைப்பு அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலும் வேண்டும்: எந்தத் தேதியில், எந்த அளவில், எந்த அறிகுறியால் மீண்டும் ஏற்றப்பட்டது என்று குறிப்பதற்கு. அச்சிடும்போதே அந்த நிரல் அட்டையில் இருந்துவிட்டால், அதை நிரப்ப நேர்ந்த நோயாளி எவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அறைக்குள் நுழைய வேண்டியதில்லை.